மாறுவது எது, மாறாதது எது? பிளஸ் டூ பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்வது பற்றி

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் வரும் புது வண்டிகள் பிஎஸ்-6 புகை விதிப்படிதான் இருக்க வேண்டும் என்று ஆனது. நடுவில் பிஎஸ்-5 என்று ஒன்று வந்திருக்க வேண்டும், அதைத் தாண்டி 4-இலிருந்து நேராக 6. செய்திகளில் இதைப் பெரிய கம்பெனிகளின் கவலையாகத்தான் பேசினார்கள். தெருமுனை டூவீலர் மெக்கானிக்குக்கு இது வேறு மாதிரி வந்து சேர்ந்தது. வருஷக்கணக்காக ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகி, சத்தத்தைக் காதால் கேட்டே டியூன் செய்துகொண்டிருந்த, காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் பெரும்பாலான புது வண்டிகளில் இல்லை. அந்த இடத்தில் பெட்ரோல் டேங்குக்குள் ஒரு பம்ப், பெட்ரோலைத் தெளிக்க இன்ஜெக்டர், புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார், இதையெல்லாம் பார்த்து முடிவெடுக்க ஈசியு என்ற ஒரு சின்னக் கம்ப்யூட்டர், ஏதாவது தப்பானால் மீட்டரில் எரிகிற ஒரு விளக்கு.

அந்தச் சமயத்தில் இரண்டு விதமான மெக்கானிக்குகளைப் பார்க்க முடிந்தது. ஒரு வகையினர் “புது வண்டியெல்லாம் நான் தொடுறதில்லைங்க, ஷோரூமுக்கே போயிடுங்க” என்று சொல்லிவிட்டுப் பழைய வண்டிகளோடு நின்றுகொண்டார்கள். இன்னொரு வகையினர் கொஞ்ச நாள் திணறினார்கள், யூடியூபில் தேடினார்கள், ஷோரூமில் வேலை பார்க்கும் தெரிந்த பையனுக்கு போன் போட்டுக் கேட்டார்கள், ஈசியு சொல்லும் கோளாறைப் படித்துக் காட்டும் ஒரு ஸ்கேனர் வாங்கினார்கள், அப்புறம் பழைய வேகத்துக்கு வந்துவிட்டார்கள். இவர்கள் பிறவியிலேயே துணிச்சல்காரர்கள் என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவர்களுக்கு அடிப்படை ஒன்று தெரிந்திருந்தது: பெட்ரோல் எஞ்சின் ஓடக் காற்று வேண்டும், பெட்ரோல் வேண்டும், சரியான நேரத்தில் பொறி வேண்டும், சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்க வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இந்த நாலில் ஏதோ ஒன்று இல்லை. கார்புரேட்டர் காலத்திலும் அப்படித்தான், பிஎஸ்-6 வண்டியிலும் அப்படித்தான். பெட்ரோல் வந்து சேரும் வழிதான் பெரும்பாலும் மாறியிருக்கிறது. ஆக, புதிதாகக் கற்க வேண்டியது தொழிலின் ஒரு பகுதிதான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. திருகை இந்தப் பக்கம் இவ்வளவு திருப்பு என்று கைப்பழக்கமாக மட்டும் கற்றவர்களுக்கோ தொழிலே கைவிட்டுப் போனது போல இருந்தது.

வேலையிடத்தில் ஒருவர் மாற்றத்துக்கு ஏற்ப நடந்துகொள்வது என்றால் என்ன, அதைப் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்க முடியுமா என்பதுதான் இங்கே விஷயம். முடியும். ஆனால் “மாற்றம் ஒன்றே மாறாதது” என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் வராது. எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான் இதன் மையம், அதைப் பயிற்சியாகக் கொடுத்தால்தான் வரும்.

முதலில் இதற்குள் இரண்டு அளவுகள் இருப்பதைப் பார்த்துவிடலாம். ஒன்று அன்றாட நெகிழ்வு. இன்றைக்கு ஒருவர் லீவு, அவர் வேலையையும் நீ பார்க்க வேண்டும். காலையில் சொன்ன வேலையை மதியம் நிறுத்தச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குக் கேட்டதைப் புதன்கிழமையே கேட்கிறார்கள். இதற்கு வேண்டியது பதறாமல் அடுக்கி மாற்றிக்கொள்வது. இன்னொன்று நீண்ட கால மாற்றம். மெக்கானிக்குக்கு வந்தது அதுதான். கருவியே மாறிவிட்டது, விதி மாறிவிட்டது, இனி பழையபடி திரும்பாது. இதற்கு வேண்டியது புதிதாகக் கற்பது, கற்கும்போது கொஞ்ச நாள் மட்டமாகச் செய்வதைப் பொறுத்துக்கொள்வது. முதலாவதில் கெட்டிக்காரராக இருப்பவர் இரண்டாவதில் மாட்டிக்கொள்வதும் உண்டு. எந்த ஷிப்டுக்குக் கூப்பிட்டாலும் வருவார், ஆனால் புது சாப்ட்வேரைத் தொடச் சொன்னால் ஓடிவிடுவார்.

இன்னொரு தப்பெண்ணத்தையும் இங்கேயே கழித்துவிட வேண்டும். நெகிழ்வு என்றால் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது என்று நிறையப் பேர், அதுவும் பெரியவர்கள், நினைக்கிறார்கள். வெள்ளத்தில் நாணல் வளைந்து பிழைத்தது, மரம் முறிந்து போனது என்ற கதையைத்தான் எல்லாத் தன்னம்பிக்கைக் கூட்டத்திலும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அது பாதிப் பாடம்தான். வளைவதற்கு முன்னால் யோசிக்க வேண்டும், சில சமயம் வளையவே கூடாது. அந்தப் பகுதியைப் பிறகு சொல்கிறேன்.

முதலாளிகள் இதை ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்? உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கையில், உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களைக் கேட்டதில், இன்று தேவைப்படும் திறன்களில் முதலிடம் பகுத்தாய்ந்து சிந்திப்பதற்கும், இரண்டாமிடம் மீண்டெழுதல், நெகிழ்வு, சுறுசுறுப்பு மூன்றையும் சேர்த்த ஒன்றுக்கும் கிடைத்தது. 2030-க்குள் இன்றைய முக்கியத் திறன்களில் 39 சதவீதம் மாறிவிடும் என்றும் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். இது முதலாளிகளின் ஊகம் என்பதை மறக்க வேண்டாம். அந்த 39-ஐ அப்படியே வேதவாக்காக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் திசை சரிதான், அதைச் சொல்ல அறிக்கைகூடத் தேவையில்லை, நம் பக்கத்துக் கடையைப் பார்த்தாலே போதும்.

கணக்கு எழுதும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. வாட், மத்திய விற்பனை வரி, கலால், சேவை வரி என்று தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே இரவில் வேறு படிவம், வேறு தளம், வேறு தேதிகளுக்கு வர வேண்டியிருந்தது. அது பழகி முடித்த பிறகு 2025 செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்களே மாறின. 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பொருட்கள் பெரும்பாலும் 5-க்கும் 18-க்கும் போயின, பில் போடும் சாப்ட்வேரில் ஒவ்வொரு பொருளுக்கும் திருத்த வேண்டியிருந்தது. இவ்வளவு ஆட்டத்துக்கும் நடுவில் ஒன்று அசையவே இல்லை: பற்று, வரவு. ஒவ்வொரு பரிமாற்றத்தையும் இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை லூகா பாச்சோலி வெனிஸில் அச்சிட்டது 1494-இல். ஐந்நூறு வருஷத்துக்கு மேலாக அது அப்படியேதான் இருக்கிறது. கணக்குப்பதிவியல் வகுப்பில் இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு எந்த சாப்ட்வேரும் வேறொரு முகப்பு மட்டுமே. ‘இந்தக் கட்டத்தில் இந்த எண்ணைப் போடு’ என்று மனப்பாடம் செய்த பிள்ளை ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முதலிலிருந்து தொடங்கும்.

அதனால்தான் சொல்கிறேன், அடிப்படையை ஆழமாகக் கற்றுத்தருவது இந்தத் திறனுக்கு எதிரானது இல்லை, அதுதான் இதற்கு முதல் படியே. ‘சாஃப்ட் ஸ்கில்’ என்று தனியாக ஒரு பீரியட் வைத்துவிட்டு, பாட வகுப்பில் ஏன் என்று கேட்கவிடாமல் கைடில் உள்ளதை எழுத வைத்தால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறோம்.

இந்த விதிக்கும் எல்லை உண்டு என்று நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மின்சார ஸ்கூட்டர் வந்து நிற்கும்போது அந்தக் காற்று, பெட்ரோல், பொறி எதுவும் உதவாது. அங்கே எஞ்சினே இல்லை. பேட்டரி, கன்ட்ரோலர், மோட்டார் என்று வேறு உலகம். பிரேக், சஸ்பென்ஷன், சக்கரத்து பேரிங் ஆகியவை மட்டும் கூட வரும். மீதியை மல்டிமீட்டரைக் கையில் பிடிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ‘எனக்குத் தெரிந்ததில் இங்கே எது செல்லும், எது செல்லாது’ என்று சரியாக எடைபோடுவதும் இதே திறன்தான். செல்லாததைச் செல்லும் என்று நினைத்துக்கொண்டு பேட்டரி பெட்டியைத் திறப்பது தைரியம் ஆகாது.

சரி, இதை ஆராய்ந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? அமெரிக்க உளவியலாளர் எலைன் புலாக்கோஸும் சகாக்களும் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ராணுவம் உட்படப் பல வேலைகளில் ஆட்கள் மாற்றத்தைச் சமாளித்த உண்மைச் சம்பவங்களைத் திரட்டிப் பார்த்து, இந்தத் திறனை எட்டு வகையாகப் பிரித்தார்கள். அவசர நிலையைக் கையாளுதல், மன அழுத்தத்தைத் தாங்குதல், சிக்கலுக்குப் புது வழி கண்டுபிடித்தல், தெளிவில்லாத நிலையிலும் முடிவெடுத்தல், புது வேலையையும் கருவியையும் கற்றல், ஆளுக்கு ஏற்ப நடந்துகொள்ளுதல், வேறு பண்பாட்டுக்கு ஒத்துப்போதல், வெயில், குளிர், உடலுழைப்பு போன்றவற்றுக்குப் பழகுதல். பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே பிள்ளை ஒன்றில் நன்றாகவும் மற்றொன்றில் மோசமாகவும் இருக்கலாம் என்பதுதான் இதில் நமக்குப் பயன்படுவது. “இவன் அட்ஜஸ்ட் பண்ணிப்பான், அவன் பண்ணமாட்டான்” என்று ஆளையே முத்திரை குத்துவதை விட்டுவிட்டு, “கருவி மாறினால் சமாளிக்கிறான், மேலே இருக்கிற ஆள் மாறினால்தான் தடுமாறுகிறான்” என்று பார்க்கத் தொடங்கினால் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மூளையைப் பற்றி ஒரு பத்தி. 1948-இல் அமெரிக்காவில் ஒரு சீட்டுச் சோதனையை உருவாக்கினார்கள், இன்றும் பயன்படுகிறது. சீட்டுகளில் வெவ்வேறு நிறத்தில், வெவ்வேறு வடிவத்தில், வெவ்வேறு எண்ணிக்கையில் படங்கள் இருக்கும். எதன்படி அடுக்க வேண்டும் என்று சொல்லமாட்டார்கள். அடுக்க அடுக்க சரி, தப்பு என்று மட்டும் சொல்வார்கள். நிறத்தின்படி என்று கண்டுபிடித்து ஒருவர் சரளமாக அடுக்கத் தொடங்கியதும், சொல்லாமல் கொள்ளாமல் விதியை வடிவத்துக்கு மாற்றிவிடுவார்கள். எத்தனை முறை தப்பு என்று சொன்ன பிறகும் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அளவு. இந்தப் பிடியை விடும் வேலையில் மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு, அந்தப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே பதினாறு வயதில் ஒரு பிள்ளை திடீர் மாற்றத்தில் எரிந்து விழுந்தால் அதைத் திமிர் என்று மட்டும் பார்க்க வேண்டாம். இந்தச் சோதனையை வகுப்பில் ஒரு விளையாட்டாகவே ஆடலாம், அட்டையில் நீங்களே படம் வரைந்து செய்துகொள்ளுங்கள். சீட்டுக்கட்டோடு தலைமையாசிரியர் பார்த்தால் விளக்கம் சொல்லி மாளாது.

இனி வகுப்பறைக்கு வருவோம். தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல் தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. அதனால் பயிற்சிக்கூடம், செய்முறை என்று நமக்கு இடம் இருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழிகாட்டி வகுப்புகளும் இருக்கின்றன. ஆனால் கீழே சொல்வதற்குத் தொழிற்கல்வி குரூப்தான் வேண்டும் என்றில்லை, கலைப் பிரிவிலும் அறிவியல் பிரிவிலும் செய்யலாம்.

ஒரு வேலையைக் கொடுத்து நடுவில் மாற்றுவதுதான் அடிப்படைப் பயிற்சி. விளையாட்டு விழாவுக்கு 30 டி-ஷர்ட் வாங்க வேண்டும், பட்ஜெட் 9,000 ரூபாய் என்று ஐந்து பேர் குழுவுக்குச் சொல்லுங்கள். மூன்று கடைகளில் விலை விசாரித்து, ஒப்பிட்டு அட்டவணை போட்டு, ஒரு கடையைத் தேர்ந்தெடுத்து, ஆர்டர் கடிதம் எழுத வேண்டும். காலர் வைத்தது, முதுகில் இரண்டு கலர் பிரின்ட், ஒன்று 300 ரூபாய் என்று அவர்கள் முடிவுக்கு வந்து கடிதம் பாதியில் இருக்கும்போது, பட்ஜெட் 6,500 ஆகிவிட்டது என்று சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிஷம் புலம்பல்தான் இருக்கும். இருக்கட்டும். அதற்குப் பிறகு பலகையில் நாலு கேள்வியை எழுதுங்கள்: எது மாறிவிட்டது? எது மாறவில்லை? இதுவரை செய்ததில் எது இன்னும் பயன்படும்? யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும்?

முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்வார்கள். இரண்டாவதில்தான் வேலை இருக்கிறது. “30 டி-ஷர்ட் மாறவில்லை” என்று சொல்வார்கள். உண்மையாகவா? எதற்காக டி-ஷர்ட்? மைதானத்தில் எந்த அணி யார் என்று தூரத்திலிருந்து தெரிய வேண்டும், அதற்காக. அப்படியானால் மாறாதது அந்த நோக்கம்தான். காலரை எடுத்து ரவுண்ட் நெக் போடலாம், பிரின்ட்டை ஒரு கலராக்கலாம், அவ்வளவு ஏன், ஏற்கெனவே இருக்கிற சட்டைக்கு மேலே போடுகிற கலர் பிப் வாங்கினால் இன்னும் பணம் மிஞ்சும். நோக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டால் வழிகள் தானாகத் திறக்கும் என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, இப்படி ஒரு தடவை நடந்தால் புரிந்துவிடும். மூன்றாவது கேள்வி புலம்பலைக் குறைக்கிறது, ஏனென்றால் கடைகளின் பட்டியலும் விலை அட்டவணையும் அப்படியே பயன்படுகின்றன, வீணானது ஒரு கடிதத்தின் பாதி மட்டும்தான். நாலாவதைத்தான் பெரும்பாலும் மறந்துபோவார்கள். திட்டத்தை அழகாக மாற்றியிருப்பார்கள், கடைக்காரருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். வேலையிடத்தில் மாற்றத்தால் வரும் சண்டைகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது: மாற்றினது தப்பில்லை, சொல்லாமல் மாற்றினதுதான் தப்பு.

இதில் ஆசிரியர் கவனிக்க வேண்டியவை சில. மாற்றம் வரும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எப்போது, என்ன என்று மட்டும் சொல்ல வேண்டாம். மாற்றத்துக்கு வேலையிடத்தில் இருப்பது போன்ற ஒரு காரணம் இருக்கட்டும், “சும்மா, உங்களைப் பார்க்கத்தான்” என்றால் பிள்ளைகளுக்கு நம் மேல் நம்பிக்கைதான் போகும். இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். பயத்தில் இருக்கும் பிள்ளை பழகிய வழியை இன்னும் இறுகப் பிடிக்கும், அது நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். முடிந்த பிறகு பத்து நிமிஷம் பேசாமல் விட்டால் இது வெறும் தொல்லையாகவே மனசில் தங்கும், அதனால் மணி அடிப்பதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆள் மாற்றம். மூன்று நாள் வேலை ஒன்றைக் கொடுத்து, இரண்டாம் நாள் முடிவில் ஒவ்வொருவரின் பொறுப்பையும் பக்கத்தில் இருப்பவருக்கு மாற்றிவிடுங்கள். ஒப்படைக்கும்போது வாயால் எதுவும் சொல்லக் கூடாது, ஒரு பக்கத்தில் எழுதித்தான் கொடுக்க வேண்டும். எதுவரை முடிந்தது, எது பாக்கி, எங்கே கவனம், யாரிடம் கேட்க வேண்டும். முதல் தடவை எழுதுவது பெரும்பாலும் ‘பாதி முடிந்தது, மீதியைப் பார்த்துக்கொள்’ என்ற ரகத்தில்தான் இருக்கும். அதை வாங்கினவர் அடுத்த நாள் படும் பாட்டைப் பார்த்த பிறகு இரண்டாம் தடவை எழுதும்போது எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். மருத்துவமனையில் நர்ஸ்கள் ஷிப்ட் மாறும்போது, மில்லில் ஆட்கள் மாறும்போது, எல்லா இடத்திலும் இந்தக் குறிப்பு இருக்கிறது. அடுத்தவர் வந்து தொடர்கிற மாதிரி வேலையை வைத்துவிட்டுப் போவது நெகிழ்வின் மறுபாதி, ஆனால் இதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்றாவது, கவுன்ட்டர் நாடகம். கடை, பில் கவுன்ட்டர், வரிசையில் ஆறு பேர், யுபிஐ வேலை செய்யவில்லை. ஒருவர் அவசரத்தில் இருக்கிறார், ஒருவர் காது கொஞ்சம் மந்தமான பெரியவர், ஒருவரிடம் போனைத் தவிர ஒரு ரூபாய் கிடையாது. கவுன்ட்டரில் நிற்கும் மாணவி என்ன செய்வாள்? 2016-இல் யுபிஐ வந்தபோது அதைப் பழகுவது ஒரு மாற்றமாக இருந்தது, இன்றைக்கு அது இல்லாமல் பத்து நிமிஷம் ஓட்டுவது மாற்றமாக இருக்கிறது. இங்கேயும் கேள்வி அதேதான்: மாறாதது எது? பொருள் ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும், ராத்திரி கல்லாக் கணக்கு இடிக்கக் கூடாது. அந்த இரண்டுக்குள் அவள் எந்த வழியும் தேடலாம். காசு வைத்திருப்பவர்களைத் தனி வரிசையாக முன்னால் விடலாம், மற்றவரின் பொருளைப் பெயர் எழுதி எடுத்துவைக்கலாம், கடன் கொடுக்க அதிகாரம் இருக்கிறதா என்று மேலே கேட்கலாம். பெரியவரிடம் பேசுகிற தொனியும் அவசரக்காரரிடம் பேசுகிற தொனியும் வேறாக இருக்க வேண்டும் என்பதை அவளே கண்டுபிடிப்பாள்.

நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிற பள்ளிகளில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்று ஒன்று நடக்கும். என்னைக் கேட்டால் இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. வேறு ஊர், பொதுக் குளியலறை, சமைக்க வருவதாகச் சொன்னவர் வரவில்லை, மரம் நடப் போன இடத்தில் மழை. எல்லாம் தானாகவே நடக்கும், நாம் எதையும் திட்டமிட்டுக் கெடுக்க வேண்டியதில்லை. ராத்திரி உட்கார்ந்து அந்த நாலு கேள்வியைப் பேசினால் போதும்.

இதெல்லாம் செய்தாலும் ஒரு இடத்தில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள்: வாய் திறப்பதில். மேலே இருப்பவர் வேலையை மாற்றும்போது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது இரண்டே பதில்கள், ஒன்று “சரி சார்”, இல்லையென்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது. நடுவில் இருக்கும் வாக்கியங்களை நாம்தான் சொல்லித்தர வேண்டும், சொல்லிப் பார்க்கவும் வைக்க வேண்டும். “செய்றேன் சார். அப்போ காலையில சொன்ன ஸ்டாக் வேலை நாளைக்குத்தான் முடியும், பரவாயில்லையா?” “ரெண்டுல எது முதல்ல வேணும் மேடம்?” “இதை நான் இதுவரைக்கும் செஞ்சதில்ல அண்ணே, ஒரு தடவை காட்டுங்க, அடுத்ததை நான் செஞ்சு காட்டுறேன்.” கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். தெரியாது என்று ஒப்புக்கொள்வதும், கற்கத் தயார் என்பதும், எப்போது தனியாகச் செய்வேன் என்பதும் அதில் சேர்ந்தே இருக்கிறது. வேலைக்குப் போன முதல் மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகள் தெரியாததை மறைக்கப் பார்த்துத்தான் திட்டு வாங்குகிறார்கள்.

இப்போது அந்த வளையக் கூடாத இடம். இதைச் சொல்லாமல் மேலே சொன்னதை மட்டும் கற்றுக்கொடுத்தால், யார் வேண்டுமானாலும் சுரண்டுவதற்கு ஏற்ற பிள்ளைகளைத்தான் தயார் செய்திருப்போம். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா” என்பது நம் ஊரில் எல்லாத் தப்புக்கும் போர்வை. நேரம், முறை, கருவி, கூட வேலை செய்யும் ஆள் மாறலாம். பாதுகாப்பும் கூலியும் உடம்பின் மேல் இருக்கிற உரிமையும் அந்தப் பட்டியலில் இல்லை. கையுறை தீர்ந்துவிட்டது, இன்றைக்கு மட்டும் வெறுங்கையால் கெமிக்கலைத் தொடு என்றால் அது நெகிழ்வுக்கான சந்தர்ப்பம் கிடையாது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிபொருள், அபாயகரமான தொழில்முறைகளில் வைக்கவே கூடாது என்று 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. தொழிற்சாலையில் கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு கூலி என்பதும் சட்டம்தான், முதலாளியின் பெருந்தன்மை கிடையாது. வேலையிடத்தில் பெண்களைப் பாலியல் தொல்லையிலிருந்து காக்கும் 2013 சட்டம் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டுமானது இல்லை, பயிற்சிக்குப் போகும் மாணவிக்கும் பொருந்தும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆபத்து என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. உள்ளுறைப் பயிற்சிக்கு அனுப்பும் முன் இந்தப் பத்தியில் உள்ளதை மட்டுமாவது வகுப்பில் சொல்லிவிடுங்கள். கவுன்ட்டர் நாடகத்திலும் இப்படி ஒரு கட்டத்தைச் சேர்க்கலாம்: மேனேஜர் பில் போடாமல் விற்கச் சொல்கிறார், என்ன செய்வாய்?

இன்னொரு விஷயம் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் திறனில் நிறைய ஏற்கெனவே இருக்கும். அம்மா நைட் ஷிப்ட் போகிற வாரத்தில் தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிற பெண், தீபாவளி சீசனில் துணிக்கடையில் நின்று ஒரே நாளில் சேலைப் பிரிவிலிருந்து சுடிதார் பிரிவுக்கு மாற்றப்பட்டுச் சமாளித்த பையன் என்று ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பதைவிட, செய்ததைச் சொல்லத் தெரிய வைப்பதுதான் உதவி. நேர்முகத்தேர்வில் “திடீர் மாற்றத்தைச் சமாளித்த அனுபவம் உண்டா?” என்று கேட்டால் அந்தப் பையன் “இல்ல சார், நான் ஸ்டூடன்ட்தான்” என்று சொல்லிவிட்டு வருவான். என்ன நடந்தது, எது மாறியது, நான் என்ன செய்தேன், கடைசியில் என்ன ஆனது என்று நாலு வாக்கியத்தில் அந்தத் தீபாவளியைச் சொல்லப் பழக்குங்கள். நன்றாகப் படிக்கிற, வீட்டில் எல்லாம் தயாராகக் கிடைக்கிற பிள்ளைகள்தான் சில சமயம் இந்தப் பயிற்சிகளில் அதிகம் தடுமாறுவார்கள், அதையும் வகுப்பு பார்க்கட்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும், பதற்றம் அதிகமாக வரும் பிள்ளைகளுக்கும் என்ன மாற்றம் என்பதை முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடலாம். அது சலுகை இல்லை, அவர்கள் நுழைகிற வாசல் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

முன்னேற்றம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பத்துக்கு எட்டு என்று போட்டு அர்த்தமில்லை. மாற்றத்தைச் சொன்ன அடுத்த இரண்டு நிமிஷத்தில் பிள்ளை முதலில் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். ஜூன் மாதத்தில் “ஏன் சார் இப்படிப் பண்றீங்க” என்று கேட்ட பிள்ளை நவம்பரில் “எவ்வளவு குறைஞ்சிருக்கு சார்? தேதியும் மாறுதா?” என்று கேட்டால் போதும். செய்ததை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறதா, இருப்பதில் எடுத்துக்கொள்ள முடிந்ததைப் பிரிக்கிறதா என்பதும் பார்த்தாலே தெரியும்.

எவ்வளவு செய்ய வேண்டும் என்றால், பிளஸ் ஒன்னில் தொடங்குவது நல்லது, ஒரு பருவத்துக்கு இரண்டு மூன்று பயிற்சி தாராளம். வாரா வாரம் செய்தால் பிள்ளைகள் வேலையைத் தொடங்கவே மாட்டார்கள், எப்படியும் பாதியில் மாற்றப்போகிறார்கள் என்று உட்கார்ந்திருப்பார்கள். பிளஸ் டூவில் செய்முறைத் தேர்வு தேதி வந்த பிறகு இதைத் தொட வேண்டாம்.